தேர் காத்திருந்த காலை

ஒரு தேர் நகர வேண்டுமென்றால் யார் யார் சம்மதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மன் சம்மதம் அதில் கடைசி. மின்வாரியம் வீதியில் கம்பிகளை இறக்கித் தர வேண்டும். பொதுப்பணித்துறைப் பொறியாளர் வந்து அச்சையும் சக்கரத்தையும் தட்டிப் பார்த்து, தேர் உறுதியாக இருக்கிறது என்று சான்று தர வேண்டும். காவல்துறை போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், தீயணைப்பு வண்டி எங்கே நிற்கும் என்று வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். வருவாய்த்துறையில் நான் இருந்த காலத்தில் இந்தக் காகிதங்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போயின. எந்தக் காகிதம் எந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது. தேர் ஓடும் வீதியில் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், உடலை எடுக்கும்வரை கோவில் நடை திறக்காது. அம்மன் தேரில் ஏறமாட்டாள். வடத்தை யாரும் தொடக் கூடாது. எழுதாத விதி என்பதால் அதற்கு விலக்குக் கேட்டு மனுவும் போட முடியாது.

போன சித்திரையில், தேர் அன்று, பால் பாக்கெட் வந்து விழுகிற நேரத்தில் என் மனைவி இறந்துபோனாள்.

எங்கள் வீடு தேர் ஓடும் தெற்கு வீதியில் இருக்கிறது. தாம்பரத்துக்கு மேற்கே, சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட பிறகும் கோவிலும் குளமும் நாலு வீதியுமாக நடுவில் மிஞ்சியிருக்கிற ஊர் அது. ஊர் அவளுடையது. மனையும் அவள் அப்பா கொடுத்தது. நான் மாப்பிள்ளையாக வந்து தங்கியவன். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, சொத்து வரி ரசீது எல்லாவற்றிலும் அந்த ஊர்க்காரனாக இருந்தும், ஊருக்குள் இன்றைக்கும் நான் 'அவங்க வூட்டுக்காரர்' தான்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் மென்மையாகச் சொல்லிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து மகள் வந்து சில நாள் கூடவே இருந்தாள். பையனுக்குப் பரீட்சை முடிகிற நாள், அழைத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறேன் என்று போனாள். அவள் போன மறுநாள் காலையில் இது நடந்தது.

போனில் சொன்னபோது அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, நான் வர்ற வரைக்கும் அம்மாவை எடுக்காதீங்க. வீட்டுல வெச்சே நான் பாக்கணும்."

எடுக்கமாட்டோம் என்றேன். 'ஆவன செய்யப்படும்' என்று ஆயிரம் கடிதங்களில் எழுதியவன் நான். இந்த ஒன்றை நிஜமாகவே நினைத்துச் சொன்னேன்.

பிறகு எழுந்து வேலையைப் பார்த்தேன். டாக்டரை வரவழைத்துச் சான்று வாங்கினேன். ஃப்ரீசர் பெட்டிக்கு, அமரர் ஊர்திக்கு, எரிமேடையில் நேரத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிவைத்தேன். சாவு வீட்டுக்கும் நடைமுறைகள் உண்டு. அவற்றை வரிசையாகச் செய்துகொண்டே போனால் அழுகை கொஞ்சம் தள்ளி நிற்கும்.

ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. போகும் என்று எனக்குத் தெரியும். தேர் நிலைக்குத் திரும்பும்வரை நாலு வீதிக்கும் மின்தடை. வீதி முனையில் கம்பிகளை இறக்கி மூங்கிலில் சுற்றிவைத்திருந்தார்கள். தெரிந்திருந்தும் பெட்டிக்கு முன்னால் சுவிட்சை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான் வழி செய்தார். கிறிஸ்தவக் குடும்பம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவிக்குக் கூடப்பிறக்காத அக்கா. தன் வீட்டு இன்வர்ட்டரிலிருந்து ஒயரை இழுத்து மதில்மேல் போட்டு எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்தார். நாங்கள் ஃபேன் இல்லாமல் இருந்துகொள்கிறோம், ஆனால் இந்தப் பெட்டி இழுக்கிற இழுப்புக்கு மத்தியானம்வரை தாங்கினால் பெரிது என்றார். அவரும் அவர் மருமகளும்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள். வீதியில் மற்றப் பெண்கள் எல்லாம் மஞ்சள் புடவையில், தேருக்கு விரதமிருந்து, அவரவர் வாசலிலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். உள்ளே வர முடியாது. வந்தால் அன்றைக்குத் தேர்ப்பக்கம் போக முடியாது.

அப்போது என் மச்சான் வந்தார். அவளுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். நிலம் இருந்த காலத்தில் விவசாயி, நிலம் மனையான பிறகு கல்யாண மண்டபக்காரர், கோவிலில் அறங்காவலர். கொடி ஏறிய அன்று கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் கொடி இறங்கும்வரை சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பரிவட்டம் கட்டிக்கொண்டு வடத்தில் முதல் கை வைப்பவர் அவர்தான். அதனால் தங்கை செத்த வீட்டுக்கு வந்தவர், வீட்டுக்கு எதிரில், வீதிக்கு அந்தப் பக்கமாக நின்றார்.

துக்கம் கேட்கிறவர் ஒரு கரையிலும் துக்கப்படுகிறவன் ஒரு கரையிலும் நின்றால் எதையும் தணிந்த குரலில் பேச முடியாது. அவர் உரக்கத்தான் அழுதார். உரக்கத்தான் கேட்டார்.

"மாப்பிள்ளை, பாப்பா எப்ப வருது?"

விமானம் பத்தரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கும் என்றேன். அவர் பின்னால் திரும்பி விழாக் குழுவினரோடு பேசினார். பேசியது எனக்கும் கேட்டது. காலை முகூர்த்தம் போய்விட்டது. அடுத்த நல்ல நேரம் உச்சி வேளை. அதைவிட்டால் ராகு காலம், அதைத் தாண்டினால் தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வருவதற்குள் மின்வாரியம் கொடுத்த நேரம் முடிந்துவிடும். ஆக, உச்சிக்கு முன்னால் உடலை எடுத்து, வீதியைக் கழுவி, புண்ணியாகவாசனம் செய்து, நடையைத் திறக்க வேண்டும். மீனம்பாக்கத்திலிருந்து எங்கள் ஊர் சாதாரண நாளில் அரை மணிப் பயணம். போதும் என்று நான்தான் சொன்னேன். மச்சான் தலையாட்டினார். குழுவினரும் ஆட்டினார்கள். ஒரு வருவாய்க் கோட்டக் கூட்டத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் ஒருமனதாக எதுவும் முடிவாகி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஊர் காத்திருந்தது.

வெளியூரிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது. வடம் வீதியில் நீளமாகக் கிடந்தது. யாரும் அதை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்கள். மேளக்காரர்கள் நாயனத்திலிருந்து சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மனுக்குப் படைக்காமல் யாருக்கும் பரிமாற முடியாது என்பதால் அன்னதானப் பந்தலில் சாம்பார் அண்டாக்கள் மூடியே இருந்தன. வெறும் வயிற்றோடு பெண்கள் கிடைத்த நிழலில் எல்லாம் உட்கார்ந்தார்கள். குழந்தைகளுக்கு மட்டும் ரகசியமாக பிஸ்கட் கொடுத்தார்கள். வாழ்நாளில் என் மனைவி யாரையும் காக்க வைத்தவள் இல்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட முகூர்த்தத்துக்கு வெகுநேரம் முன்பே தயாராகி உட்கார்ந்திருந்தாளாம். அவளுக்காக ஒரு ஊரே வெயிலில் காத்திருந்தது. அவளுக்குத் தெரிந்தால் அவமானத்தில் சுருங்கிப் போயிருப்பாள்.

எங்கள் மதில் நிழலில் இரண்டு இளைஞர்கள் சாய்ந்து நின்றிருந்தார்கள். நான் உள்ளே கேட்டை ஒட்டி நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"இன்னா மச்சான், தேரு எப்போதான் கெளம்பும்?"

"இந்த வூட்டம்மாவைத் தூக்கணும்டா. பொண்ணு பெங்களூர்லேர்ந்து வந்துகினு கீதாம்."

"நடந்தா வருது?"

சிரித்தார்கள். பிறகு ஒருவன் திரும்பி என்னைப் பார்த்துவிட்டான். சட்டென்று நேராக நின்று, வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு, "சாரி சார்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. காத்திருக்கிறவனுக்குக் கேலி செய்ய உரிமை உண்டு. என் அலுவலக வராந்தாவில் என்னைப் பற்றி இதைவிட நன்றாகவே பேசியிருப்பார்கள்.

மச்சான் வீட்டுக் கோடிப் புடவை வந்தது. செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டிய கடைசிப் புடவை. அண்ணன் தன் கையால் போர்த்த வேண்டும். மண்டபத்து வாட்ச்மேன் கையில் கொடுத்தனுப்பி, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். டீச்சரம்மா அதைப் பிரித்து அவள்மேல் போர்த்தியபோது, தூரத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, நான் காப்பை அவுத்துடறேன். அவ என் கூடப் பொறந்தவ."

குழுவினர் தரையைப் பார்த்தார்கள். அவர் அவிழ்த்தால் அந்த வருஷம் முதல் கை வைக்க ஆள் இல்லை. முதல் கை அந்தக் குடும்பத்து உரிமை, அவர் வீட்டில் வேறு யாருக்கும் காப்புக் கட்டவில்லை.

"வேணாம் மச்சான்" என்றேன். "அவளே திட்டுவா."

அது உண்மைதான். இரண்டு நாள் முன்னால்கூட, அண்ணனுக்கு முட்டி வலி, வடத்தை இழுக்க வேண்டாம், தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

விமானம் கொஞ்சம் தாமதமாக இறங்கியது. பையனை அவன் அப்பா பிறகு கூட்டிவருவார், நான் மட்டும் டாக்சியில் ஏறிவிட்டேன் என்றாள் மகள். தான் இருக்கும் இடத்தை என் போனுக்கு அனுப்பினாள். வரைபடத்தில் நீலப் புள்ளி ஒன்று பல்லாவரம் தாண்டி, பம்மல் தாண்டி நன்றாகவே வந்தது. திருநீர்மலைப் பக்கம் வந்ததும் நின்றது. திரும்பவும் கொஞ்சம் நகர்ந்தது. நகர்ந்த திசை எங்கள் ஊரைவிட்டு விலகிய திசை.

எனக்குப் புரிந்துவிட்டது. தேருக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பஸ், லாரி, கார் எல்லாவற்றையும் ஒரே சாலையில் தள்ளி, பெரிதாகச் சுற்றி அனுப்புவார்கள். அந்தச் சாலை முழுக்கத் தேருக்கு வருகிறவர்களுக்கான தண்ணீர்ப் பந்தல்கள். தேர் கிளம்பாததால் பந்தலில் நின்ற கூட்டம் கலையவில்லை. கூட்டம் கலையாததால் வண்டிகள் நகரவில்லை. வண்டிகள் நகராததால் என் மகள் வரவில்லை. அவள் வராததால் தேர் கிளம்பவில்லை. இப்படி ஒன்றையொன்று கட்டிப்போட்டுக்கொண்டு நிற்கிற கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் முதலில் விட்டுக்கொடுத்தால்தான் அவை நகரும்.

இறங்கி நடக்கட்டுமா என்று மகள் போனில் கேட்டாள். அவள் இருந்த இடத்திலிருந்து நடந்தால் உச்சி தாண்டிவிடும். யாரையாவது பைக்கில் அனுப்பலாம் என்று பார்த்தால், எங்கள் பக்கத்திலிருந்து வெளியே போகும் வழியிலும் தேர்க் கூட்டம். டீச்சரம்மாவின் பேரன் முயன்று பார்த்துவிட்டுக் கோவில் வளைவிலிருந்தே திரும்பி வந்தான்.

இன்வர்ட்டர் கூவ ஆரம்பித்தது. கூடத்தில் புழுக்கம். பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கமாக நீர் கோத்து அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. டீச்சரம்மா துடைக்கப் போனார். வெளிப்பக்கம் துடைத்து என்ன பயன் என்று நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து நின்றேன். மச்சான் அந்தப் பக்கத்தில் அதே இடத்தில்தான் நின்றார். வெயில் நேராகத் தலையில் இறங்கியிருந்தது. பரிவட்டத் துணி கையில் சுருட்டியபடி இருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பேசி வைத்திருப்பார்கள் போல.

"பாப்பா வரட்டும் மாப்பிள்ளை" என்றார். "தேர் நிக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். தேர் அன்றைக்கு ஓடாவிட்டால் மின்தடைக்கும் காவலுக்கும் சான்றுக்கும் முதலிலிருந்து எழுத வேண்டும். கொடி இறங்குவதற்குள் எதுவும் கிடைக்காது. அந்த வருஷம் தேர் ஓடவில்லை என்றாகிவிடும். மழை பொய்த்தாலும், மழை கொட்டி ஏரி உடைத்தாலும், யார் வீட்டுக் கல்யாணம் நின்றாலும், 'அந்த வருஷம் தேர் நின்னுதே' என்பார்கள். ஏன் நின்றது என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது என் மனைவி பெயரைச் சொல்வார்கள். இந்த வீதியில் பிறந்து, இந்த வீதியிலேயே வாழ்ந்து, எவர் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போய் வெங்காயம் உரித்தவள்.

மகளைக் கூப்பிட்டேன். எடுக்கப் போகிறோம் என்று சொன்னேன். அவளைச் சுற்றி ஹாரன்கள் அலறின.

"சொன்னீங்களேப்பா" என்றாள்.

ஆமாம் என்றேன்.  பிறகு அவளே கேட்டாள்.

"வண்டி எந்தப் பக்கமா வரும்?"

ஆம்புலன்ஸுக்கும் அமரர் ஊர்திக்கும் மட்டும் விட்டிருக்கிற ஏரிக்கரை வழியாகத் திருமுடிவாக்கம் சாலைக்கு வந்து எரிமேடைக்குப் போகும் என்றேன். திருப்பிவிட்ட சாலை அந்தச் சாலையில் சேருகிற முனையில் ஒரு மோர்ப் பந்தல் இருக்கும், ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் போடுவார்கள், டாக்சி ஊர்ந்து ஊர்ந்து அங்கே வந்ததும் இறங்கி நில் என்றேன். எந்த முனையில் போக்குவரத்து எப்படித் திரும்பும் என்று மனப்பாடமாக வைத்திருந்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

தூக்க ஆள் போதவில்லை. வீதியில் திடமான ஆண்கள் எல்லாம் காப்போடு நின்றார்கள். டீச்சரம்மாவின் மகன், பேரன், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு பேர், நான். கோப்புக் கட்டைவிடக் கனமாக எதையும் தூக்கியறியாத துறை எங்களுடையது. வாசல் படியில் தடுமாறினோம். அந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் தங்களையறியாமல் ஓரடி முன்னால் வந்தார்கள். வந்துவிட்டு நின்றார்கள். மச்சான் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்திருந்தார்.

மற்றவர்கள் பின்னால் வந்து சேர்வதாகச் சொல்ல, நான் மட்டும் அவளோடு உள்ளே ஏறிக்கொண்டேன். தேர் நிற்கிற திசைக்கு எதிர்த் திசையில்தான் வண்டி போக வேண்டும். பறை இல்லை, சங்கு இல்லை. வண்டி நகர்ந்தபோது நிழலில் உட்கார்ந்திருந்த ஜனம் எழுந்து நின்றது. யாரும் எழச் சொல்லவில்லை. வீதி முடிகிறவரை இரண்டு பக்கமும் எழுந்துகொண்டே வந்தார்கள். பின்கதவுக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னாலேயே தண்ணீர் லாரி வந்து எங்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தது. நாங்கள் இன்னும் முனை திரும்பவில்லை. அந்த ஊரில் இவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

மோர்ப் பந்தல் முனையில் அவள் நின்றிருந்தாள். முதுகில் பை. பெங்களூருக்குப் போட்டுக்கொண்டு போன அதே சுடிதார். மஞ்சள் வேட்டி கட்டிய தொண்டர்களுக்கு நடுவில், யாரோ கையில் திணித்த மோர் டம்ளரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தப்பா என்றேன். டிரைவர் தயங்கினான்.

"இங்க நிறுத்தினா பேஜார் சார். பின்னாடி பஸ்ஸு வந்துகினு கீது."

"என் பொண்ணு" என்றேன்.

அவன் ஓரம்கட்டி, இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டான். பந்தல்காரர்கள் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள்.

அவள் ஏறி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். பாதத்தைத் தொட்டாள். பிறகு மெல்ல நகர்ந்து தலைமாட்டுக்கு வந்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். என் துண்டு முனையில் ஒரு பிடி அரிசி முடிந்து கொண்டுவந்திருந்தேன். வீட்டில் எல்லோரும் போட்டபோது அவள் பங்கை எடுத்து வைத்தது. முடிச்சை அவிழ்க்க என் விரலால் முடியவில்லை. அவளே வாங்கிப் பல்லால் அவிழ்த்தாள். வாய்க்கரிசி போட்டாள்.

"இந்தப் பச்சை யாருப்பா எடுத்தது?"

"மாமா வீட்டுக் கோடி."

"அம்மா பச்சை கட்டவே மாட்டாங்க."

எனக்குத் தெரியாது. எத்தனை வருஷம் கூட வாழ்ந்தேன், எனக்குத் தெரியாது. அவள் அண்ணனுக்கும் தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் அவர் பச்சையில்தான் எடுத்துக் கொடுப்பார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"மாமா குடுத்தது அத்தனையும் என்கிட்டதான் இருக்கு" என்றாள் மகள். "ஒண்ணுகூட அவங்க கட்டினதில்ல. சொல்லிடாதடி, மனசு கஷ்டப்படுவார்னு..." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. காலையிலிருந்து அடக்கியதெல்லாம் அங்கே, அந்தத் தகர வண்டிக்குள், சாலையோரத்தில் வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து அதிர்வேட்டுச் சத்தம் கேட்டது. ஒன்று, அடுத்து ஒன்று. பந்தலில் ஒருவர் கையிலிருந்த போனில் தேர் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. ஜனம் எழுப்பிய குரல் அந்தச் சின்னக் கருவியிலிருந்து பெரிதாக வந்தது. அவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள். தேர் கிளம்பிவிட்டது.

டிரைவர் பின்கதவோரம் வந்து நின்றான். எரிமேடையில் கொடுத்த நேரம் நெருங்குகிறது, போகலாமா என்று தணிந்த குரலில் கேட்டான். நேரம் தவறினால் அடுத்த உடல் முன்னால் போகும். அப்புறம் நமக்கு எப்போது என்று யாரும் சொல்லமாட்டார்கள், சாயங்காலம்கூட ஆகலாம். அந்த நடைமுறையும் எனக்குத் தெரியும்.

மகள் என்னைப் பார்த்தாள்.  அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்பா" என்றேன். "நேரம் போனாப் போகட்டும்."

அவன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பந்தலுக்கு மோர் குடிக்கப் போனான். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. நான் பக்கவாட்டுப் பலகையில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.